மெழுகுக் கட்டியில் மிச்சம்

மார்ச் 4
சிகரெட்டைத் தொட்டதில்லை, நுரையீரலில் புற்றுநோயாம். நெஞ்சில் ஊசி விட்டு, நூல் துணுக்கு மாதிரி சதை எடுத்து மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மரபணு கெட்டிருந்தால் ஒரு புரதம் உண்டாகுமாம். எதிர்ப்பொருள் என்று ஒரு திரவத்தைச் சதைமேல் விட்டால் அது அந்தப் புரதத்தில் போய் ஒட்டும். சதையில் பழுப்பு ஏறும். ஏறினால் தினம் மாத்திரை, கடையில் உட்காரலாம். இல்லையென்றால் நரம்பில் மருந்து, படுக்கை.

மச்சினன் இப்போதே கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறான். ஓய்வெடுக்கச் சொல்கிறான். எடுக்கிறேன், முதலில் நீ எழுந்திரு.

மார்ச் 7
ஒரே இடத்தில் விசாரித்து நான் எந்தச் சரக்கும் எடுத்ததில்லை. துணி வியாபாரத்தில் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி நாலு பேரிடம் காட்டினால் உண்மை வந்துவிடும். மருத்துவமனையில் சண்டை போட்டு மெழுகுக் கட்டியை வாங்கி, வெளியே வேறொரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். எல்லாச் சோதனையும் பார்க்கச் சொன்னேன். மனைவி வேண்டாம் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 15
வெளிக்கூடத்தின் முடிவு: நோய் நுரையீரலில்தான் தொடங்கியது. இதைச் சொல்லவா இத்தனை வெட்டு? மரபணுச் சோதனை அவர்களிடம் கிடையாதாம். திருடர்கள். கட்டியை மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 19
திசு பார்க்கும் டாக்டரம்மா நுண்ணோக்கியில் காட்டினாள். பழுப்பு இருக்கிறது — வெளிறிய டீக்கறை மாதிரி. இதை வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாதாம். மரபணுவையே நேராகப் பார்க்கும் சோதனை வேண்டும். செய்யுங்கள் என்றேன். வெளிக்கூடத்தில் வெட்டி வெட்டியே சதை தீர்ந்துவிட்டதாம்.

கத்தினேன். அவள் கத்தவில்லை, அதுதான் எரிச்சல்.

"இது சாம்பிள் துணி இல்ல சார், அடுத்த பேல்லேருந்து வெட்டித் தர்றதுக்கு."

நான் துணிக்காரன் என்று இவளிடம் எவன் சொன்னான்? மனைவிதான். வேறு யார்.

மார்ச் 20
மறுபடி ஊசியாம். முடியாது.

மார்ச் 23
போட்டார்கள். காற்று கசிந்து நுரையீரல் சுருங்கி, இப்போது விலாவில் குழாய். பேசினால் குத்துகிறது, திட்டக்கூட முடியவில்லை. மச்சினன் பார்க்க வந்தான். வந்த வாயால் கடைச் சாவியைக் கேட்டான். சாவிமேல் படுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2
மரபணு கெட்டுத்தான் இருக்கிறதாம். கெட்டதற்குச் சந்தோஷப்படும் குடும்பம் உலகத்திலேயே இதுதான். மனைவி அழுதாள். அவளிடம் என்ன சொல்வது — நீ சொன்னது சரி என்றா?

மே 11
மாத்திரை ஒத்துக்கொண்டது. இன்று கடையைத் திறந்தது நான். மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தாள். இரண்டாவது ஊசியில் எடுத்த மெழுகுக் கட்டியில் கொஞ்சம் சதை மிச்சம் இருக்கிறது, பின்னால் வேறு சோதனைக்குத் தேவைப்படலாம், வாங்கிக்கொள்கிறீர்களா என்றாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்மா. யார் கேட்டாலும் குடுக்காதீங்க," என்றேன். "நானே வந்து கேட்டாலும்."