கூடாரத்துக்குள் கரியடுப்பு

ஜூன் 7

நாளை முகாம்; அத்தானின் நண்பர்களோடு கூடாரம் போட்டு இரண்டு நாள். அக்கா இரண்டு முழுக்கோழிகளுக்கு வெண்ணெய், பூண்டு, மிளகு தடவிக்கொண்டிருக்கிறாள். அக்காவின் மகள் பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே நான் உருளைக்கிழங்குத் தோல் சீவினேன். அத்தான் கரியடுப்பைத் துடைத்துக் கார் டிக்கியில் வைத்தார். அந்த ஒரே வேலையைச் செய்துவிட்டு நண்பர்களுக்குப் போன்: “நாளைக்கு என் ரோஸ்ட்டுதான்டா!”

என் ரோஸ்ட்டாம்.

ஜூன் 8

கரியை இரண்டு ஓரமும் ஒதுக்கி, நடுவில் கோழி, அதன் அடியில் கிழங்குத் தட்டு, மேலே மூடி. நன்றாக வேகும்வரை மூடியைத் தொடக்கூடாது. அக்கா சொன்னது அவ்வளவுதான். அத்தானோ வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் திறந்து காட்டினார். சூடு எப்படி நிற்கும்?

“கண்காட்சி மாதிரி ஆளாளுக்குத் தொறந்து பாத்தா, அது எப்ப அத்தான் வேகும்?” என்றேன்.

“நெருப்பு சமாச்சாரம் எங்களுக்குத் தெரியும். நீ போய்த் தட்டக் கழுவு.”

சாப்பிடும்போது அவருடைய நண்பர் உருகினார்: “மச்சான், உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதுடா.” அக்கா அப்போது குழாயடியில் இருந்தாள். அவளுக்கு மிஞ்சியது ஓர் இறக்கை.

ஜூன் 9

எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரி.

ஜூன் 10

நேற்று இரண்டாவது கோழி அடுப்பில் இருந்தபோது மழை பிடித்தது. நானும் அக்காவும் பாத்திரங்களோடு தூரத்துக் குழாயடியில். அத்தானும் நண்பரும் அடுப்பை அப்படியே தூக்கிக் கூடாரத்துக்குள் வைத்து, சாரல் படாமல் ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறார்கள். உள்ளே ஒரே வெக்கை என்று இவர்கள் மட்டும் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

உள்ளே பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். தெரியும் அவருக்கு. தெரியும்!

அக்கா ஓடிவந்து திறந்தபோது பாப்பா கண் விழிக்கவில்லை. மழையில் போட்டுத் தட்டித் தட்டி — பிறகுதான் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

“மூடின இடத்துல கரி நெருப்ப வைப்பாங்களா? கண்ணுக்கே தெரியாத விஷவாயு அது!” என்று டாக்டர் கத்தினார்.

“புகையே வரலையே டாக்டர்,” என்றார் அத்தான். அப்புறம் என்னிடம், மெதுவாக: “கோழி நனைஞ்சிடுமேன்னுதான்...”

கோழி.

ஜூன் 13

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்க வந்த எல்லோருக்கும் ஒரே கேள்வி. அக்காவிடம்தான். “புள்ளைய விட்டுட்டு நீ எங்கடி போன?” எங்கள் அம்மாவும் கேட்டாள். அடுப்பைத் தூக்கிவைத்தவரை ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அவருக்குச் சூடாகக் காபி. “பாவம், மனுஷன் ஆடிப்போயிட்டாரு.”

“இவரு தின்ன எச்சித் தட்டக் கழுவத்தான் போனா!” என்று கத்தினேன்.

“பெரியவங்க பேசறப்ப வாய மூடு,” என்றாள் அம்மா.

எதுக்கு மூடணும்? நான் எதுக்கு மூடணும்?

ஜூன் 20

அத்தான் புதிதாக ஒரு மூட்டை கரி வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் முகாமாம். “அதுக்காக எல்லாத்தையும் நிறுத்திட முடியுமா?”

அக்கா பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13

என் வாடகை அறையில் ஒரு கட்டில்தான். பாப்பாவுக்கு அது. நானும் அக்காவும் தரையில்.

மதியம் அத்தானின் போன். பின்னால் நண்பர்களின் சிரிப்பு. “ஏம்மா, கரிய நடுவுல வைக்கணுமா, ஓரத்துலயா? எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாரும் பசியில இருக்காங்க.”

அக்கா பாப்பாவின் சட்டைப் பித்தானை மாட்டி முடித்தாள்.

“அடுப்ப வெளியில வைங்க,” என்றாள்.

“அது சரி, அப்புறம்?”

போனை அணைத்துவிட்டுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போனாள்.