மெரிடித் தெருவின் அறுபது நாற்காலிகள்

செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் ரெனாட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் இடது முழங்காலையும் என் வலது காதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் சுகம், அந்த இரண்டும்கூட போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை. நீயும் மாப்பிள்ளை ஹேமியும் அங்கே நியூசிலாந்தில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குக் குளிர் முடிகிற நேரம், எங்களுக்கு அது கிளம்பி வருகிற நேரம், முடிந்தால் கொஞ்சத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. அம்மா தன்னுடையதையும் போட்டுக்கொள்கிறாள், என்னுடையதையும் போட்டுக்கொள்கிறாள், கேட்டால் முழங்காலைக் காட்டுகிறாள். தக்காளி இந்த வருடம் காய்த்துத் தள்ளிவிட்டது, முப்பத்தொரு பாட்டில் சாஸ் போட்டு நிலவறையில் அடுக்கியிருக்கிறாள், இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் எதற்கு இவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன், மறு தடவை கேட்கவில்லை. போன வாரம் போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எழுபதை நெருங்கிட்டீங்க, இன்னும் யாருக்காக அந்தப் பரிசுக் கோப்பைக் கடையைக் கட்டிக்கிட்டு அழறீங்க, சாத்திட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, கீழ் ரூம் காலியாத்தான் கிடக்குன்னு நீ சொன்னாயே, அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் பதிலுக்கு முன்னால் இந்தக் கோடையில் தெருவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

நம் தெருவைக் காருக்கு மூடிவிட்டார்கள் என்று முன்பே சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை, சொன்னால் நீ கவலைப்படுவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள். நம் வரிசைக் கட்டடங்கள் முழுவதையும், அதாவது நம் கடை, பக்கத்தில் சால் பெட்ரெல்லாவின் சாண்ட்விச் கடை, அதற்கடுத்து லொரெட்டாவின் தொப்பிக் கடை எல்லாவற்றையும், இடித்துவிட்டு அங்கே ஐந்து மாடிக்குக் கார் நிறுத்துமிடம் கட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. நகர மன்றத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் வேண்டாம், தெருவைத் திறந்த முற்றமாக்கிப் பார்ப்போம், ஜனங்கள் வந்து உட்கார்ந்தால் கடைகளும் பிழைக்கும் என்றார்கள். கடைசியில் தொண்ணூறு நாள் சோதனை என்று முடிவாயிற்று. மே மாதக் கடைசியில் தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து, நடுவே அறுபது மஞ்சள் இரும்பு நாற்காலிகளைப் போட்டார்கள். தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும், கடைசி முப்பது நாளின் சராசரி நாற்பதைத் தொட்டால் நம் வரிசை தப்பும், தொடாவிட்டால் இடிப்பு. எண்ணுவதற்கும் நடத்துவதற்கும் டெலானி என்று ஒரு பெண், இருபத்தெட்டு வயது இருக்கும், கலிபோர்னியாவிலிருந்து வந்தவள், கையில் அமுக்கினால் டிக் டிக் என்று எண் ஏறுகிற கருவி ஒன்று வைத்திருந்தாள்.

முதல் மூன்று வாரம் அந்தக் கருவி ஒரு தடவைகூட டிக் என்று சொல்லவில்லை, ரெனி. ஒரு ஆள் உட்காரவில்லை. வெயில் சுகமாக இருந்தது, நாற்காலி புதுசு, சால் ரொட்டி சுடுகிற வாசனை தெரு முழுக்க, ஆனால் ஜனங்கள் சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்று தின்றார்கள், நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி நடந்து போனார்கள். டெலானி குடை வைத்தாள், பூந்தொட்டி வைத்தாள், ஒரு நாள் அக்கார்டியன் வாசிக்கிறவரைக் கூட்டி வந்தாள், நாற்பது பேர் கூடி நின்று கேட்டுக் கை தட்டிவிட்டு நின்றபடியே கலைந்து போனார்கள். இங்க ஜனங்களுக்கு என்னதான் வேணும் மிஸ்டர் ஹுடாக், நாற்காலி நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க என்று கடை வாசலில் நின்று புலம்பினாள். சால் அவளைப் பார்த்து, காரை நிறுத்த வழியில்லாம பண்ணிட்டு உட்கார வழி பண்ணியிருக்கீங்களாக்கும், நிறுத்தாதவன் எப்படிம்மா உட்காருவான் என்று வேறு குத்தினான். அவனுக்கு எப்போதும் அந்த வாய்தான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. நாற்பத்தொரு வருடமாக நான் பந்துவீச்சுக் குழுக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கோப்பைகளில் பெயர் வெட்டிக் கொடுத்த இடம், அதை இடித்து கார் நிறுத்தப் போகிறார்கள், அதற்குக் காரணம் இந்த ஊரில் யாருக்கும் உட்காரத் தெரியவில்லை என்பதா என்று கோபமும் வந்தது. அம்மாவிடம் சொன்னால் அவள் அமைதியாக, நீ ஒரு தடவையாவது உட்கார்ந்தியா எமில் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை. மூன்று வாரமாக நானும் தினமும் காலையில் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போயிருக்கிறேன்.

மறுநாள் டெலானி, நீங்களாவது உட்காருங்க, உங்களைப் பார்த்தாவது நாலு பேர் உட்காரட்டும் என்று கெஞ்சினாள். சரி என்று போனேன். நாற்காலி பக்கத்தில் நின்றேன். உட்கார வரவில்லை. கால் மடங்க மாட்டேன் என்கிறது, கண் தானாக இரண்டு பக்கமும் பார்க்கிறது. என்ன தேடறீங்க என்றாள். இது யாரோடதுன்னு தெரியாம எப்படிம்மா உட்கார்றது என்று என் வாயிலிருந்து வந்தது, வந்தபிறகுதான் எனக்கே விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு நான் பனியைப் பற்றிச் சொன்னேன். இந்த ஊரில் ஒருத்தன் இரண்டு மணி நேரம் மண்வெட்டியோடு போராடித் தன் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிற அளவுக்குப் பனியை வெட்டித் தள்ளினால், காரை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அந்த இடத்தில் சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான், அவன் திரும்பி வரும்வரை அதைத் தொட யாருக்கும் உரிமையில்லை, போலீஸ்காரருக்கும் இல்லை, பாதிரியாருக்கும் இல்லை, தெருவில் நாற்காலி கிடந்தால் அது ஒருத்தனுடைய இடம், அவ்வளவுதான் என்றேன். நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது அந்த இன்ஷூரன்ஸ்காரர் நம் நாற்காலியை நகர்த்திவிட்டுத் தன் காரை விட்டாரே, அம்மா தோட்டக்குழாயை எடுத்து ராத்திரி குளிரில் காரை நனைத்துவிட்டாளே, தண்ணீர் உறைந்து காலையில் கதவைத் திறக்க அவருக்குச் சுத்தியல் தேவைப்பட்டதே, அதையும் சொன்னேன். டெலானி முதலில் சிரித்தாள், அப்புறம் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அறுபது நாற்காலி போட்டேன், அறுபது பேர் இடம் பிடிச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சா, கடவுளே என்றாள். எல்லாரும் உட்காரலாம் என்று அட்டை எழுதி ஒவ்வொன்றிலும் கட்டிப் பார்த்தாள். அதைப் பார்த்த லொரெட்டா, பாத்தியா எமில், இப்போ பேப்பரும் ஒட்டிட்டாங்க, யாரோ நிஜமாவே வாங்கிட்டாங்க போல என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு அடி தள்ளி நடந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, உன் அம்மா தனக்குத்தான் வந்தது என்கிறாள், வைத்துக்கொள்ளட்டும். யாருடையதும் இல்லாத நாற்காலியில் இந்த ஊர் உட்காராது, அதனால் எல்லாவற்றையும் யாருடையதாவது ஆக்கிவிடலாம் என்று. கடையில் பித்தளைத் தகடு இருக்கிறது, எழுத்து வெட்டும் மெஷின் இருக்கிறது, ஐந்து நாள் உட்கார்ந்து அறுபது பெயர் வெட்டினேன். சால் பெட்ரெல்லா, லொரெட்டா, தபால்காரர், ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர், பாங்கில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற அந்தச் சிரிக்காத பெண், நூலகத்தைக் கூட்டுகிறவர், இப்படி. டெலானியும் அம்மாவும் திருகாணி போட்டு முடுக்கினார்கள். செய்தி ஒரே நாளில் பரவிவிட்டது. ஜனங்கள் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டு வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். பாங்குப் பெண் சிரித்தாள், அவள் பல்லை நானே பார்த்தேன். கருவி டிக் டிக் என்றது, இருபத்திரண்டு. ஆனால் இருபத்திரண்டிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் பஸ் ஓட்டுகிறவர் பன்னிரண்டரைக்கு பஸ்ஸில் இருப்பார், அவர் நாற்காலி காலி, அதில் இன்னொருத்தர் உட்காருவாரா என்றால் மாட்டார். சால் ஒரு நாள் அசதியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், லொரெட்டா தொப்பியோடு கடையிலிருந்து பாய்ந்து வந்தாள். ஏன்டா சால், என் பேரு மேல உன் முதுகு என்ன பண்ணுது, உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்றியா என்றாள். அவன் எழுந்து மன்னிப்புக் கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். சரி, நாமே நம் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்று நினைத்தேன்.

வழி காட்டியதும் லொரெட்டாதான். ஜூலை கடைசியில் அவள் கண் ஆபரேஷனுக்குப் போனாள். போகும்முன் கடைக்கு வந்து, எமில், மூணு நாள் வரமாட்டேன், அந்த மருந்துக்கடை மிசஸ் ப்ரூயிட் கால்வலியோட நிக்கறா, என் நாற்காலியில அவளை உட்காரச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு என்றாள். நான் போய்ச் சொன்னேன். மிசஸ் ப்ரூயிட் ஒரு மறுப்பும் சொல்லாமல் உட்கார்ந்தாள், நிம்மதியாகக் காலை நீட்டினாள். நானும் டெலானியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பனிக்காலத்தில் ஊருக்குப் போகிறவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் என் இடத்தில் நிறுத்திக்கோ என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா, அதேதான். பொது நாற்காலியை யாராலும் யாருக்கும் கொடுக்க முடியாது, ஆனால் தன்னுடையது என்றால் கொடுக்கலாம், கொடுப்பதில் பெருமையும் உண்டு. மறுநாளிலிருந்து நான் பெயர்க்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன், வரமுடியாத நாளில் யாரை உட்கார வைக்கலாம் என்று கேட்டேன். பஸ் ஓட்டுகிறவர் தன் மாமியாரை அனுப்பினார், தபால்காரர் தன்னை ஒரு தடவை கடித்த நாயின் சொந்தக்காரரை அனுப்பினார், அவர்கள் இப்போது நண்பர்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, இது என்னோடது, உட்காருங்க உட்காருங்க என்று உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார்கள். உட்கார்ந்தவர்களுக்குப் பசிக்காதா, சால் இரண்டு ஆள் கூடுதலாக வைத்துக்கொண்டான், காரைப் பற்றி இப்போது பேச்சே எடுப்பதில்லை. என் கடைக்கும் ஆள் வருகிறது, எல்லோருக்கும் பெயர் வெட்டிய தகடு வேண்டும், நாய்க்குக்கூட.

கடைசி முப்பது நாளின் சராசரி நாற்பத்தேழு. போன செவ்வாய் மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது, நம் வரிசை நிற்கிறது, இடிப்பு இல்லை. டெலானி என்னைக் கட்டிப்பிடித்து என் நல்ல காதில் கத்தினாள், அதுவும் இப்போது கொஞ்சம் மந்தம். கட்டடத்தின் சொந்தக்காரர் ஐந்து வருடத்துக்குப் புது வாடகை ஒப்பந்தம் கொடுத்தார், வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இதுதான் ரெனி உன் கேள்விக்குப் பதில். நாங்கள் அங்கே குடிவர மாட்டோம். கோபப்படாதே. உன் கீழ் ரூமை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் வந்து ஒரு மாதம் தங்குவோம், அம்மா சாஸ் பாட்டில் கொண்டுவருவாள். ஆனால் எனக்கு என் இடம் இங்கே இருக்கிறது, பெயர் போட்டே இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், இதை அம்மா எழுத வேண்டாம் என்றாள், எழுதாமல் எப்படி விடுவது. அறுபது பெயர் வெட்டினேன் என்றேன் அல்லவா, அறுபதாவது உன்னுடையது. நம் கடை வாசலுக்கு நேர் எதிரில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில், ரெனாட்டா ஹுடாக். வெட்டும்போது நான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. மற்ற எல்லா நாற்காலியிலும் யாராவது உட்கார்ந்துவிட்டார்கள், அதில் மட்டும் இல்லை. டெலானியின் கருவி ஒரு நாளும் ஐம்பத்தொன்பதைத் தாண்டவில்லை. அம்மா காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். போன புதன்கிழமை ஒரு பெண், வயிற்றில் குழந்தையோடு, இரண்டு கையிலும் பை, எல்லா இடமும் நிரம்பி அதன் பக்கத்தில் வந்து நின்றாள். பெயரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். உட்காரும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை, அது என்னுடையது இல்லையே. உள்ளே போய்க் கடை ஸ்டூலை எடுத்து வந்து போட்டேன். நான்கு வருடம் ஆகிறது நீ வந்து, உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது, வேறொன்றுமில்லை.

நீ நன்றாக இரு, மாப்பிள்ளையும் நன்றாக இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்கள் இருவர் மேலும் உண்டு. மழைக்கு முன்னால் கார் பிரேக்கைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாயா என்று எழுது. நவம்பர் பத்தாம் தேதி, முதல் பனி விழுவதற்கு முன்னால், நாற்காலிகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். அதற்குள் வந்து உட்கார். வர முடியாதென்றால், உன் இடத்தில் யாரை உட்கார வைக்கலாம் என்று நீயே உன் கைப்பட எழுதி அனுப்பு, நீ சொல்லாமல் இந்த ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள்.

உன் அன்பு அப்பா,
எமில் ஹுடாக்

அம்மா படித்துவிட்டாள். காலுறை விஷயத்தை அடித்துவிடச் சொன்னாள், அடிக்கவில்லை.