பிரேக் வேலை பாக்கி

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஐந்து வருடம் எட்டிப் பார்க்காத உங்களுக்கு நீதிமன்றம் பாப்பாவைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கொடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பாப்பா மிரண்டால், அதையே சொல்லி நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்.

நேற்று வாசலில் உங்களைக் கண்டதும் அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். நீங்கள் கூப்பிடவே இல்லை. செயின் கழன்று கிடந்த அவள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, "ஒரு ஆளால முடியாது போலிருக்கே" என்று அதனிடம் புலம்பினீர்கள். அவளாகவே வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அசந்துபோனேன்.

கிளம்பும்போது, "பிரேக்கும் சரியில்லம்மா. அடுத்த வாரம் பாக்கலாமா?" என்றீர்கள். தலையாட்டினாள்.

இன்று சைக்கிளைத் தள்ளிப் பார்த்தேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது.

உங்கள் மேல் கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை ஸ்பேனரோடு வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா