றிஸ்னாவின் வரைபடம்

மார்ச் 14, வெள்ளி

றிஸ்னா இன்று கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் அவளும் ஒன்றாகத்தான் பட்டம் பெற்றோம். அவளுக்கு ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. நான் கற்பிட்டியில் டியூஷன் கொடுக்கிறேன்.

என்ன வேலை செய்கிறாய் என்று உம்மா அவளிடம் கேட்டா.

"ஒரு புரதம் டிஎன்ஏயில போய் ஒட்டினாத்தான் மாமி, புற்றுநோய்க் கலத்தை வளர்க்கிற ஜீன் வேலை செய்யும். நாங்க தேடுற மருந்து அதை ஒட்ட விடாது."

"மாஷா அல்லாஹ்!" உம்மா என் பக்கம் திரும்பினா. "நாலு வருஷம் படிச்ச நீ ஏன் புள்ள ஒரு நாளும் இப்பிடிச் சொல்லல்ல?"

நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

பிறகு றிஸ்னா போனில் ஒரு வரைபடம் காட்டினாள். மருந்து விட்ட புற்றுநோய்க் கலங்களில் ஜீனின் வேலை அடங்கியிருந்தது. ஆனால் மருந்தைக் கரைக்கும் திரவத்தை மட்டும் விட்ட கலங்கள் அதில் இல்லை. அடக்கியது மருந்தா, அந்தத் திரவமா? திங்கட்கிழமை பேராசிரியர்கள் முன்னால் இதைத்தான் காட்டப்போகிறாள். எனக்கு உள்ளே இனித்தது. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

இரவு இஷாத் தொழுகை முடிந்த பிறகு மனசு கேட்கவில்லை. திரவம் மட்டும் விட்ட கலங்கள் எங்கே என்று அவளுக்கு எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அது அடுத்த படத்தில இரிக்கி. நீ கேப்பாயெண்டு பாத்துக்கிட்டே இருந்தேன்."

படமும் வந்தது. வெறும் திரவத்தில் ஜீன் ஒழுங்காக வேலை செய்கிறது. மருந்துதான் அடக்கியிருக்கிறது.

நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.