அடுப்படி போனை நீ எடுக்காத சாயங்காலம்

லைனை அறுத்து அறுத்து என் உயிரை வாங்கிய என் தங்க அம்மாவுக்கு,

போன மாதம் நம் கச்சிராயபாளையம் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க ஒருவர் வந்தார். அடுப்படிச் சுவரில் இருக்கும் பழைய போனைப் பார்த்துவிட்டு, "இது டெட்டா கீதே, கழட்டிடட்டுங்களா?" என்றார். "கை வெச்சுப் பாருங்க, தெரியும்!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார். அப்புறம் டீ போட்டுக் கொடுத்தேன்.

கூடத்தில் இருந்த என் லினக்ஸ் கம்ப்யூட்டர் நினைவிருக்கிறதா? நெட்டுக்கு போன் லைனையே நம்பியிருந்த அந்தக் காலத்தில் ஒரு நாள், பெங்களூர் வேலைக்கு 'வருகிறேன்' என்று சாயங்காலத்துக்குள் மெயில் அனுப்பியாக வேண்டும். மோடம் டயல் செய்யும், கீச்சென்று கத்தும், பட்டென்று லைன் அறுந்துவிடும். போர்ட்டை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தேன். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் பிடித்துப் போவதற்குள் பிரவுசிங் சென்டரைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மோடம் தானாக மறுபடி டயல் செய்துகொண்டிருக்க, தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தேன். கூடத்தில் டயல் ஆக ஆக, இங்கே அதே லைனில் இருந்த இந்த போன் டிங் டிங்கென்று லேசாக முனகியது. நீ ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாய்.

"அலோ, யாருங்க? இன்னாத்துக்கு இப்டி கத்துறீங்க? அழுவாதீங்க, சொல்லுங்க."

"எம்மா! நீதானா?"

"பின்ன? எத்தினி வாட்டி கூப்புட்டுக்கினே கீறாங்க. யாருக்கு இன்னா கஷ்டமோ, எடுத்துக் கேக்க வாணாமா?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? கத்துவது கம்ப்யூட்டர், நீ எடுத்தால் மெயில் போகாது, மெயில் போகாவிட்டால் வேலை கிடையாது என்று குதித்தேன்.

"வேலை கெட்ச்சா பெங்களூர்லயே இருந்துடுவியாடி?"

"ஆமாம்மா."

நீ ரிசீவரை வைத்தாய். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாய். மறுபடி டிங் டிங். நீ எடுக்கவில்லை. மெயில் போய்விட்டது.

ஒரே ஒரு தடவை எடுத்திருந்தால் நான் உன்னோடேயே இருந்திருப்பேன். அது உனக்குத் தெரியும்தானே? எப்படியம்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாய்?

இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், அதே கூடத்தில். இந்தக் காலம் நீ இருக்கும்போதே வந்திருக்கக் கூடாதா? கல்வராயன் மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் நெட் அறுவதில்லை. யாராவது நடுவில் எடுத்து, "யாருங்க?" என்று கேட்டு என் வேலையைக் கெடுக்க மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

நான் உள்ளவரை அந்த போன் சுவரிலேயே இருக்கும். ஒரு தடவை முனகினால் போதும், எவ்வளவு பெரிய மீட்டிங் ஆனாலும் போட்டது போட்டபடி ஓடிவந்து எடுப்பேன். நீ பேசக்கூட வேண்டாம், சும்மா கத்து. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இங்கேயே வந்துவிட்ட
உன் சின்னப் பொண்ணு