உங்கள் பெருவிரல் நோவு எனக்கும் வந்துவிட்டது

என் ஆசை அக்காவுக்கு,

வலது கைப் பெருவிரல்தான். அடிமூட்டு வீங்கிச் சிவந்து, காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு மடங்குவதே இல்லை. இடியப்ப உரலை அழுத்தினால் கண்ணீர் வருகிறது. சோற்றை வாய்க்குள் தள்ளவும் முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறேன். பார்த்தால் சிரிப்பீர்கள்.

நாம் இருவரும் ஆரையம்பதிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்த காலத்தில் உங்களுக்கும் இப்படித்தானே தொடங்கியது? நான் சுளுக்கென்று நினைத்து எண்ணெய் போட்டு இழுத்தேன். "விடு பிள்ள, உயிர் போகுது" என்று கத்தினீர்கள். "கொஞ்சம் பொறுங்கக்கா, சரியாயிரும்" என்றேன். பிறகு பார்மசியில் நோக்குளிசை வாங்கித் தந்தேன், விடிய ஒன்று, பின்னேரம் ஒன்று. நோ குறைந்தது, நீங்களும் உரலைப் பிடித்தீர்கள். டொக்டரிடம் போவோம் என்று ஒருநாளாவது சொன்னேனா? இடியப்பத்தை யார் பிழிவது என்றுதான் யோசித்தேன், பாவி.

போன மாதம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுளுக்கில்லையாம், மூட்டுவாதமாம். கிழமைக்கு ஒருநாள் மட்டும் குடிக்கிற குளிசை தந்தார்கள், விரலுக்கு ஒரு பட்டியும் தந்தார்கள். உரலைத் தொடக்கூடாதாம். கவனிக்காமல் விட்டால் விரல் கோணிப்போகும், பிறகு நிமிராது என்றார் டொக்டர். உரலை விட்டால் என் அடுப்பு எப்படி எரியும்? விடாவிட்டால் கையே இல்லை. நான் என்னதான் செய்வேன் அக்கா?

"வேற என்ன குளிசை குடிக்கிறீங்க? மறைக்காமச் சொல்லுங்க, இந்த மருந்தோட சேந்தா ஆபத்து" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல டொக்டர்" என்றேன்.

உங்களுக்கு வாங்கித் தந்த அதே நோக்குளிசையைத்தான் ரெண்டு நேரமும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிக் குடித்ததென்றால் ஏசுவார்களே என்ற பயம், வேறொன்றுமில்லை.

அக்கா, இதை யாருக்கும் நான் சொன்னதில்லை. நீங்கள் இரத்தமாக வாந்தி எடுத்து உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் இதையேதான் கேட்டார்கள். "இவ என்ன மருந்து குடிச்சவ?" உங்களால் பேச முடியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். "ஒண்டும் குடிக்கல" என்றேன் நான். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

வருகிற செவ்வாய் திரும்பவும் கிளினிக். குளிசை அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். எவ்வளவும் ஏசட்டும். என்னைப் பற்றிச் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு, அன்று உங்களைப் பற்றிச் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொள்வேன். சத்தியம்.

அன்று உங்கள் பக்கத்தில் நின்ற,
உங்கள் தங்கச்சி