மூன்று பேருக்கு ஒரு மேசை

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு தொலைபேசி எடுத்தாலே உங்களுக்குப் பிடிக்காது. "எடி, விடியக் காத்தால முதியோர் இல்லம் முழுக்க நான் கூட்டித் துடைக்க வேணும், உனக்கு இப்பதான் கதை வந்ததோ?" என்று ஏசுவீர்கள். ஏசிவிட்டு, அன்றைக்கு அந்த இல்லத்தில் என்ன சமைத்தார்கள், அதில் என்ன பிழை என்று அரைமணி நேரம் கதைப்பீர்கள். பிள்ளை இருமி இருமி இப்போதுதான் கண் மூடினாள். எனக்கு நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை போட்டுக்கொண்டு போவதற்காக உங்கள் நீலக் கோட்டை எடுத்துத் தட்டினேன். நீங்கள் போனபிறகு உங்கள் வீட்டுக்காரர், அண்ணை, கொண்டுவந்து தந்தது, இதுவரை போடவில்லை. உள்பையில் கையில் தட்டுப்பட்டது அந்தக் கறுப்பு டப்பி, கமெராப் பிலிம் வருமே, அது. மூடியைத் திறந்தேன். வறுத்துத் திரித்த நம் மிளகாய்த்தூளின் மணம். அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

பிள்ளையின் அப்பாவுக்கு இங்கே வர அனுமதி கிடைத்துவிட்டது, அக்கா. சனிக்கிழமை வருகிறார்.

உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தியை இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையோடு நான் வந்து இறங்கியபோது, அவர் அடுத்த வருடமே வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு குடும்பத்தை இங்கே கூப்பிட நம் ஆட்கள் போட்ட விண்ணப்பங்கள் ஒன்றும் நகரவில்லை. ஏன் என்று கேட்டால் பொறுத்திருக்கச் சொன்னார்கள். டெனிஷ் பேப்பரில் வந்ததையெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். பட்டதாரி என்று பெயர். மூன்றாவது வரியிலேயே தலை சுற்றும். நீங்கள் வந்து பேப்பரைப் பறித்து மடித்து வைப்பீர்கள். "அது தன்ர பாட்டில கிடக்கட்டும். வெளிக்கிடு. ஸ்டேசனடியில புதுசா ஒரு கடை திறந்திருக்காம்."

அப்படித்தான் தொடங்கியது நம் ஊர்வலம். அண்ணை வெளிச்சாப்பாடு தொடமாட்டார். அதனால் உங்களுக்குக் கூட்டாளி நானும் தள்ளுவண்டியில் பிள்ளையும். இந்த ஒடென்சே நகரத்தில் நாம் ஏறி இறங்காத சாப்பாட்டுக்கடை இல்லை. எதை வைத்தாலும் முதலில் ஒரு வாய் சும்மா சாப்பிட்டுப் பார்ப்பீர்கள், அது நியாயமாம். பிறகு டப்பி வெளியே வரும். மண்ணிறக் குழம்பின்மேல் தூளைத் தட்டிவிட்டு, பரிசாரகியைப் பார்த்து நல்ல பிள்ளைபோலச் சிரிப்பீர்கள். பத்துக்கு மார்க். ஏழுக்கு மேல் நீங்கள் எதற்கும் போட்டதில்லை. பீட்சாவுக்கு மூன்று. "சுட்ட ரொட்டியில மெழுகை ஊத்தினமாதிரிக் கிடக்கு." சீனக்கடைச் சோற்றுக்கு ஆறு, சோறு என்பதற்காக மட்டும்.

அந்தக் கிராமத்து விடுதி நினைவிருக்கிறதா? இல்லத்துக் கிழவி ஒருத்தி அங்கே பொரித்த விலாங்குமீன் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மழை, பஸ் மாறிப் போனோம். உள்ளே ஒரே சனம். எல்லோரும் கறுப்புக் கோட்டும் கறுப்புச் சட்டையுமாக. நாம் தயங்கி நிற்க, ஒரு அம்மா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தினார். கேட்காமலே சூப் வந்தது, ரொட்டி வந்தது, கோப்பியும் கேக்கும் வந்தன. ஒருவர் எழுந்து கரண்டியால் கிளாசைத் தட்டிவிட்டுப் பேசினார். முன்மேசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

"கலியாணமடி," என்று என் காதுக்குள் சொன்னீர்கள். "உது பொம்பிளையின்ர தாய். பாவம், அழுறா."

"பொம்பிளை எங்க அக்கா?"

"உடுப்பு மாத்தப் போயிருப்பாள். நீ சாப்பிடு."

வெள்ளை கட்டினால்தானே நமக்கு இழவு. கறுப்பைப் பார்த்து நமக்கென்ன தெரியும்? கோப்பி ஊற்ற எழும்பியபோதுதான் மூலையில் நான் அதைக் கண்டேன்: ஒரு கிழவியின் படம், பக்கத்தில் மெழுகுதிரி, பூ. உங்கள் முழங்கையைத் தட்டிக் காட்டினேன். உங்கள் கையில் இரண்டாவது கேக் துண்டு.

"ஐயோ பிள்ளை, செத்த வீடடி!"

"வையுங்கோ அக்கா, எழும்புவம்."

"கடிச்சதைத் திருப்பி வைக்கிறதே? மரியாதை இல்லை," என்று சொல்லி முழுவதையும் சாப்பிட்டீர்கள். பிறகு அந்தக் கண் துடைத்த பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவளும் யாரென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் தலை முழுகினோம்; அந்தக் குளிரில் பிள்ளையையும் முழுகவார்த்தீர்கள். எனக்கோ அவளுக்குச் சளி பிடிக்கப்போகிறதே என்ற பயம். ஈரத் தலையோடு இருந்து மார்க் போட்டீர்கள். "விலாங்கு கிடைக்கேல்லை. சூப்புக்கு அஞ்சு. கேக்குக்கு ஏழு. மேசைதான் சரியில்லை, நீட்டு மேசை. ஆளையாள் பாக்கேலாது."

எந்தக் கடையானாலும் கடைசியில் மேசைக்கு வந்துதான் முடிப்பீர்கள். சீனக்கடை மேசை பெரிய வட்டம், கத்திக் கதைக்க வேண்டும். ஸ்டேசன் கடையில் நாற்காலிகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. பீட்சாக் கடையில் யன்னலோரம் ஒரு சின்ன மேசை உண்டு, ஆனால் அங்கே பீட்சா. ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டேன். "சாப்பிடத்தானே வாறம், மேசையை ஏன் அக்கா இப்பிடிப் பாக்கிறியள்?"

அன்றைக்குத்தான் சொன்னீர்கள். தூள் டப்பியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

"நான் வந்து இறங்கின அண்டைக்கு இவர் நல்ல மீன் வாங்கி வச்சிருந்தவர். நான் நேர அடுப்படிக்குள்ள போனன். அவர் சாப்பிட்டார், நான் நிண்டு பரிமாறினன். பிறகு அவர் வேலைக்குப் போயிட்டார். இத்தனை வருசத்துக்குப் பிறகு கண்ட மனிசனோட என்ன கதைச்சனான் எண்டு கேள். 'இன்னும் கொஞ்சம் போடட்டோ?' அவ்வளவுதான். இண்டைக்கும் நான் நிண்டுகொண்டுதான் பரிமாறுறன். நீ உன்ர மனிசனை முதல் நாள் வீட்டை கூட்டிக்கொண்டு போகாதை. மூண்டு பேருக்கு ஒரு மேசை பாப்பம். எது எண்டு கடைசியா நான் சொல்லுறன்."

சொல்லவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டபோது கேட்டேன். தட்டில் அவித்த உருளைக்கிழங்கு தொடாமல் கிடந்தது; அதற்கும் இரண்டு போட்டீர்கள். "அவசரப்படாதை. அவர் வரட்டும்," என்றீர்கள். அடுத்த கிழமை உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோனோம். பிறகு மண்டபத்தில் கோப்பியும் இனிப்புப் பணிசும் வைத்தார்கள். நம் ஆட்கள் வெள்ளையில், முதியோர் இல்லத்திலிருந்து வந்தவர்கள் கறுப்பில். கோப்பி ஆறிப்போயிருந்தது. நீட்டு மேசை. மார்க் போட்டுப்போட்டு எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது, அக்கா.

இப்போது நான் பயப்படுவது எதற்கென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். படத்தைக் காட்டிப் பிள்ளையிடம், "அப்பா வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "கை குடுத்து வணக்கம் சொல்லுவன்," என்று டெனிஷில் சொன்னாள். பாலர் பள்ளிக்கு ஆட்கள் வந்தால் அப்படித்தான் செய்யப் பழக்கியிருக்கிறார்கள். நான் என்ன செய்வேன்? எனக்குக் கை குடுக்கவும் தெரியாது. வீட்டுக்குள் வந்தால் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன் என்பது இப்போதே தெரிகிறது. இன்றைக்கு இரண்டு தடவை குளிர்பெட்டியைத் திறந்து மீனைப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. கோட்டைத் தட்டும்போதுதான் நினைவு வந்தது. விமானநிலையத்திலிருந்து ஒடென்சேக்கு வருவதற்குள் கடலைத் தாண்ட ரயில் கப்பலில் ஏறுமே. அவர் பசியோடுதான் இருப்பார். அப்படியானால் முதல் சாப்பாடு நம் கடைகள் ஒன்றிலும் இல்லை, கப்பலில்தான். கோபன்ஹேகனுக்கு என் அலுவலாக நாம் போனபோது அந்தக் கப்பல் கன்டீனில் ஊறவைத்த மீன் வாங்கினீர்கள். மீனுக்கு நான்கு. காற்றில் கப்பல் ஆட, கிளாசுகள் வழுக்க, மேசையின் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "உந்த மேசையைத் தரையோட பூட்டி வச்சிருக்கினம். இங்க ஆரும் எழும்பி ஓடேலாது," என்று சிரித்தீர்கள். அந்த மேசைக்கு மார்க் போட்டீர்களா, போடவில்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

டப்பியைத் திரும்பக் கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். கொஞ்சம்தான் இருக்கிறது, மூன்று தட்டுக்குப் போதும்.

கப்பல் மேசை சரிதானா, அக்கா? சனிக்கிழமைக்கு முன்னம் பதில் போடுங்கள்.